காவிரி டெல்டாவில் மருத்துவ ஆய்வு: யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்

1990-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க டாக்டர்கள் மதித்துப் படிக்கிற இதழ் அது. கட்டுரை யாரைப் பற்றியது என்றால், டெல்டாவின் தலைமாட்டில் இருக்கும் திருச்சி மாவட்டத்துக் கிராமக் குழந்தைகளைப் பற்றியது. மொத்தம் 15,419 பேர், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. (அன்றைய திருச்சி மாவட்டம் பெரியது. கரூர், பெரம்பலூர் எல்லாம் 1995-ல்தான் பிரிந்தன.) மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் அந்த ஆய்வில் முன்னின்றார்கள்.

கண் டாக்டர்களுக்கு வைட்டமின் ஏ மீது அக்கறை வந்ததில் வியப்பில்லை. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். விட்டுவிட்டால் கருவிழி கரைந்து பார்வையே போகும். ஆனால் இந்த ஆய்வு கேட்ட கேள்வி வேறு. வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தைகளின் உயிர் பிழைக்குமா?

செய்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பாதிக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ, கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈ. மீதிப் பாதிக்கு வைட்டமின் ஈ மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மருந்து கொண்டுவந்த சுகாதாரத் தொண்டருக்கும் தெரியாது, வாயைத் திறந்து காட்டிய குழந்தையின் அம்மாவுக்கும் தெரியாது. 8,333 யூனிட் பெரிய அளவும் இல்லை. கீரை, முட்டை, பால் ஒழுங்காகக் கிடைக்கிற வீட்டில் ஒரு வாரத்துச் சாப்பாட்டிலேயே வந்துவிடக்கூடியது. தொண்டர்கள் ஓர் ஆண்டு முழுக்க, வாராவாரம், வீடு தேடிப் போனார்கள். எந்த வாரம் பார்த்தாலும் நூற்றுக்கு 88 குழந்தைகளையாவது நேரில் சந்தித்திருக்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா, பேதி ஆனதா, உயிரோடு இருக்கிறதா என்று எழுதிவைத்தார்கள்.

ஆண்டு முடிவில் 125 குழந்தைகள் இறந்திருந்தன. அதில் 117 சாவுகள் நோயால் வந்தவை, மற்றவை விபத்து. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் சாவு 54 சதவீதம் குறைவு. சதவீதத்தை மட்டும் சொன்னால் அளவு புரியாது. தோராயமாக, ஆயிரம் குழந்தைகளுக்குப் பத்துச் சாவு என்று இருந்தது, ஐந்தாகக் குறைந்தது. வளர்ச்சி குன்றி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளிடம்தான் பலன் மிக அதிகம்.

அடுத்த ஆண்டு அதே குழந்தைகளைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. வைட்டமின் ஏ கொடுத்ததால் பேதியும் சளிக்காய்ச்சலும் வருவது குறைந்ததா என்று பார்த்தார்கள். குறையவில்லை. இரண்டு பக்கமும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. ஆனால் வந்த நோயில் சாகிற குழந்தைகள் ஒரு பக்கம் குறைவு. நோய் எத்தனை முறை வந்தது என்று எண்ணியதோடு அந்த ஆய்வு நின்றிருந்தால், 'மருந்தால் பிரயோஜனம் இல்லை' என்று எழுதி மூடிவைத்திருப்பார்கள். வீட்டு வாசலுக்குப் போய்ச் சாவையும் எண்ணியதால்தான் உண்மை தெரிந்தது.

டெல்டாவின் மருத்துவ ஆய்வுகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஓர் ஆய்வின் முடிவைவிட அது யாரை எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கண்ணோ, சிறுநீரகமோ, பாம்புக்கடியோ, மனநலமோ, எந்தத் துறையாக இருந்தாலும் இதே கேள்விதான்.

திருச்சியோடு கதை முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே 1990-ல் ஹைதராபாத் பக்கத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்திய ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் கொடுத்தும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. 1993-ல் பல நாடுகளின் எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியாக 23 சதவீதக் குறைவு என்று வந்தது. 2013-ல் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த மாபெரும் ஆய்வின் முடிவு வந்தது. குறைவு வெறும் 4 சதவீதம், அதுவும் உறுதியில்லாத 4. எதை நம்புவது? திருச்சியில் சத்துக்குறைவு கடுமையாக இருந்தது, அளவு சிறிதானாலும் மருந்து வாராவாரம் போய்ச் சேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் அத்தனை லட்சம் குழந்தைகளின் வாய்க்கு மருந்து உண்மையில் போனதா என்ற கேள்வியை நிபுணர்களே எழுப்பினார்கள். ஆக, மருந்து ஒன்றே ஆனாலும் குழந்தைகள் வேறு, போய்ச் சேர்ந்த விதம் வேறு. இன்று அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிற வைட்டமின் ஏ கரைசலுக்குப் பின்னால் இவ்வளவு வாதம் இருக்கிறது.

கட்டிலுக்கு வந்தவர்கள் மட்டும்

இப்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என்று டெல்டாவில் அரசு மருத்துவக் கல்லூரிகள் நிறைய வந்துவிட்டன. திருவாரூருக்கு 2010-ல் வந்தது, நாகப்பட்டினத்துக்கு 2022-ல். எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொரு டாக்டரும் ஒரு தீசிஸ் எழுதியாக வேண்டும். எனவே இந்தியாவில் மருத்துவ ஆய்வு என்று வெளிவருவதில் பெரும்பகுதி, இருபத்தெட்டு முப்பது வயது டாக்டர் ஒருவர் ராத்திரி டூட்டிக்கும் காலை ரவுண்ட்ஸுக்கும் நடுவில், தன் வார்டில் படுத்திருக்கும் ஐம்பது அல்லது நூறு பேரை வைத்து எழுதியது. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலையின் சிரமம் தெரிந்தவர்கள் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஒரு நோய் எப்படியெல்லாம் முகம் காட்டும், எந்த அறிகுறி எதற்கு முன்னால் வரும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுகளில்தான் துலங்கும்.

இந்த வழக்கம் தஞ்சாவூருக்குப் புதிதும் இல்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் வைத்தியத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளின் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. சிலவற்றில் நோயுற்ற கண்ணின் ஓவியமும் சேர்த்து. யாருக்கு என்ன தொந்தரவு, என்ன செய்தார்கள், அப்புறம் என்ன ஆனது என்று ஒவ்வோர் ஆளாக எழுதிவைத்த கவனம் அதில் இருக்கிறது. இன்றைய கேஸ் ஷீட்டுக்கும் அதே கவனம்தான் வேண்டும்.

ஆனால் வார்டில் எண்ணியதை ஊருக்கே பொருத்தினால் தப்பாகிவிடும். பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம்.

டெல்டாவில் வரப்பில் கால் வைக்கிறவர்கள் எல்லோருக்கும் கண்ணாடி விரியனைத் தெரியும். அதன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அரசு ஆஸ்பத்திரிகளில் செய்கிற சோதனையைப் போல எளிமையானது மருத்துவத்தில் குறைவு. கடிபட்டவரின் கையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் அப்படியே வைத்திருப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாகி ஒட்டி நின்றால் சரி. தண்ணீர் போல வழிந்தால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தம்கூட ஒழுங்காக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஏமாற்றிவிடும். சிகிச்சையே இந்தக் குழாயை நம்பி நிற்கிறது.

கட்டுவிரியன் கடி வேறு மாதிரி. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார், அப்புறம் கண் இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும், மூச்சு நிற்கும். பாம்பு கடித்ததே தெரியாமல் வீட்டிலேயே இறந்துபோனால் அந்தச் சாவு எந்த ஆஸ்பத்திரி ஏட்டில் ஏறும்?

இந்தக் கேள்விக்கு நாடு தழுவிய பதில் ஒன்று 2011-ல் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த ஓர் ஆய்வில், சாவு நிகழ்ந்த வீடுகளுக்கே போய், என்ன நடந்தது என்று உறவினர்களிடம் கேட்டு எழுதினார்கள். அதிலிருந்து கணக்கிட்டதில், 2005-ல் மட்டும் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 45,900 பேர் இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அரசு ஏடுகளில் இருந்த எண்ணிக்கை இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்த சாவு இதில் 23 சதவீதம்தான். பிறகு வந்த விரிவான கணக்கில், 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 சாவுகள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆஸ்பத்திரிக்குப் பாம்புக்கடியோடு நூறு பேர் வந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தீசிஸில் சாவு விகிதம் 4 சதவீதம் என்று வரும். அந்த 23 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், உள்ளே இறந்த நான்கு பேருக்கு வெளியே இறந்தவர்கள் சுமார் பதின்மூன்று பேர். கடிபட்டு, மந்திரித்துவிட்டு, எப்படியோ பிழைத்து ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்களும் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். 4 சதவீதம் என்ற எண் பொய் இல்லை. ஆம்புலன்ஸ் ஏறி வந்து சேர்ந்தவர்களைப் பற்றிய உண்மை அது. ஊரைப் பற்றிய உண்மைக்கு ஊருக்குள் போக வேண்டும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. தனியார் ஆஸ்பத்திரிகளும் இனிக் கணக்குச் சொல்ல வேண்டும். நல்ல காரியம், நீண்ட நாள் வேண்டியிருந்தது. ஆனால் இதுவும் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தவர்களின் கணக்குத்தான். கிராமச் செவிலியரும் வி.ஏ.ஓ.வும் வீட்டில் நடந்த திடீர்ச் சாவுகளைக் கேட்டு எழுதினால்தான் கட்டுவிரியன் ஏட்டுக்கு வரும்.

ராத்திரி பத்து மணிக்கு எடுத்த ரத்தம்

யானைக்கால் நோய் ஆய்வு வேறு எந்த நோய்க்கும் இல்லாத ஒரு விதத்தில் டெல்டாவை வீட்டுக்குள் போய்ப் பார்த்தது. கும்பகோணத்துக்கும் யானைக்காலுக்கும் இருந்த தொடர்பு நம் தாத்தா பாட்டி காலத்தில் ஊரறிந்தது. யானைக்காலுக்குக் காரணம் உடம்புக்குள் வாழ்கிற ஒரு புழு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுகிற க்யூலெக்ஸ் கொசு இந்தப் புழுவைப் பரப்புகிறது. வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழும். அது ஈனுகிற நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, ராத்திரியில் வெளி ரத்தத்துக்கு வரும், கொசு கடிக்கிற நேரம் பார்த்து.

அதனால் பகலில் ரத்தம் எடுத்தால் நோய் இருப்பவருக்கும் இல்லை என்றே வரும். யானைக்கால் நோய்த் தடுப்பு ஊழியர்கள் ராத்திரி வேளையில் தெருத்தெருவாகப் போனது இதற்காகத்தான். கையில் டார்ச், ஸ்லைடுப் பெட்டி, ஊசி. தூங்குகிறவரை எழுப்பி, விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, குத்தி, 20 மைக்ரோலிட்டர் அளவு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காய வைப்பார்கள். மறுநாள் அதைத் தண்ணீரில் கழுவிச் சிவப்பணுக்களை நீக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கால் வீங்கியவர்களை மட்டும் எண்ணியிருந்தால் நோயின் பழைய தடம்தான் கிடைத்திருக்கும். அவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் நுண்புழு இருக்காது. நன்றாக நடமாடிக்கொண்டு, தன்னிடம் நோய் இருப்பதே தெரியாமல் கொசுவுக்குப் புழுவைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் யார் என்பதை அந்த ராத்திரி ரத்தம்தான் காட்டியது.

அதைவிடத் துணிச்சலான முயற்சி ஒன்று காரைக்காலில் நடந்தது. 1980-களின் முற்பாதியில், நுண்புழுக்களைக் கொல்லும் டி.இ.சி. மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து அந்த மாவட்டம் முழுக்க விநியோகித்தார்கள். யாரும் மாத்திரையை எடுத்து விழுங்க வேண்டியதில்லை; குழம்பிலும் சோற்றிலும் மருந்து போய்விடும். ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களின் விகிதம் அடியோடு விழுந்தது. சீனாவும் இதே உப்பு வழியில் பெருமளவு போய், 2007-ல் யானைக்கால் நோயை ஒழித்த முதல் நாடு என்ற அங்கீகாரம் பெற்றது. இந்தியா மாத்திரை வழியைத் தேர்ந்தெடுத்தது. 2004 முதல் நாடு முழுக்க ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மாத்திரை வழியில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்கு வந்து கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, 'சாப்பிட்டுட்டு அப்புறம் போடுறேன்' என்று சொல்லி அலமாரியில் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று நம் ஊர்க்காரர்களுக்கே தெரியும். அரசு ஏட்டில் மாத்திரை 'கொடுத்த' கணக்கு இருக்கும், 'விழுங்கிய' கணக்கு அதைவிட நன்றாகக் குறையும். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திகள் (கொசு போல நோயைப் பரப்புபவை) கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த இடைவெளியைத் திரும்பத் திரும்ப அளந்து காட்டினார்கள். மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் பேராவது விழுங்கினால்தான், அதுவும் ஐந்தாறு ஆண்டு தொடர்ந்தால்தான், பரவல் அறும். ஊழியர் முன்னாலேயே விழுங்கச் சொல்வது இதனால்தான்.

பரவல் அறுந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பகலிலேயே செய்யக்கூடிய சோதனையால் அவர்கள் ரத்தத்தில் புழுவின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அறுபது வயதுக்காரரிடம் நோய்த்தடம் இருந்தால் அது முப்பது ஆண்டுக்கு முந்திய கொசுவின் வேலையாக இருக்கலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இருந்தால், அது பிறந்த பிறகு, அண்மையில்தான் வந்திருக்க வேண்டும். க்யூலெக்ஸ் பரப்புகிற பகுதிகளில் இந்த விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே இருப்பது உறுதியானால் மாத்திரையை நிறுத்தலாம். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் இந்தத் தேர்வைக் கடந்துவிட்டன. யாரை எண்ணுவது என்று சரியாக முடிவு செய்தால், ஊரில் எல்லோரையும் எண்ண வேண்டியதில்லை.

கால் வீங்கியே போனவர்களுக்கு இந்த வெற்றி எந்த நிவாரணமும் தராது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, சேற்றுப்புண் வராமல் பார்த்துக்கொண்டால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடவு வயலில் நிற்கிறவருக்கு விரலிடுக்கு ஈரமில்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் யாராவது ஆராய வேண்டும்.

பூச்சிமருந்தும் உப்பளமும்

கொள்ளிடத்துக்கு வடகரையில், வீராணம் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது காட்டுமன்னார்கோயில். அந்த வட்டாரத்தில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பின் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் லாக்கர்களில் வைத்துப் பூட்டினால் தற்கொலைகள் குறையுமா என்பது கேள்வி. இரண்டு கிராமங்களில் லாக்கர், ஒப்பிட்டுப் பார்க்க லாக்கர் இல்லாத இரண்டு கிராமங்கள். லாக்கர் வைத்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் நன்றாகக் குறைந்தன. ஒரு கண நேரக் கொதிப்பில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கும் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்த்தது. நான்கே கிராமங்கள் என்பதால், இது சாத்தியமா என்று பார்த்த முதற்கட்ட ஆய்வு என்றே ஆய்வாளர்களும் சொன்னார்கள்.

2017-ல் இலங்கையிலிருந்து பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. 180 கிராமங்கள், 53,000-க்கு மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் ஒவ்வொரு விவசாயி வீட்டுக்கும் பூட்டுகிற பெட்டி கொடுத்தார்கள். பலன் இல்லை. இரண்டு ஆய்வும் ஒன்றை ஒன்று பொய்யாக்குகின்றன என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சாவி வீட்டுக்குள்தான் இருக்கும். காட்டுமன்னார்கோயிலில் மருந்தே வீட்டைவிட்டு வெளியே போனது. அதைவிட உறுதியான பாடமும் இலங்கையிலிருந்தே வந்தது: கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்ததில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. (இதைப் படிக்கும்போது மனம் கனத்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் ஒருவரோடு பேசலாம்.)

சிறுநீரகத்துக்கு வருவோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,000-க்கும் மேற்பட்டோரிடம் பிறகு நடந்த ஆய்வில் சுமார் 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அதில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் சுகரும் இல்லை, பி.பி.யும் இல்லை. வேதாரண்யத்தில் உப்பு வாருகிறவரும் மன்னார்குடியில் களை எடுக்கிறவரும் இந்த எண்களைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு.

இங்கேயும் எண்ணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். உப்பளத்துக்குப் போய் எண்ணினால், அன்று வேலைக்கு வந்தவர்தான் கிடைப்பார். சிறுநீரகம் கெட்டு, உடம்பு முடியாமல் வேலையை விட்டவர் வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் டயாலிசிஸ் கட்டிலில். எனவே உண்மையான பாதிப்பு அந்த ஏழு சதவீதத்தைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொரு பக்கம், வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்தவரின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அன்றைக்கு மட்டும் கூடியிருக்கலாம். அதனால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்ட நோய் என்று சொல்வார்கள். ஒரே ஒரு நாள் முகாம் போட்டு, 'இந்த ஊரில் இத்தனை பேருக்குக் கிட்னி நோய்' என்று செய்தி வந்தால், இரண்டாவது முறை பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

உங்களை எண்ண வந்தால்

டெல்டாவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற யாரும் ஒரு நாள் ஆய்வுக்குள் வரக்கூடும். ஓ.பி. சீட்டோடு நிற்கும்போது இளம் டாக்டர் ஒருவர் வந்து, 'அம்மா, ஒரு ஸ்டடி பண்றோம், இங்க கையெழுத்துப் போடுங்க' என்பார். அந்த ஒப்புதல் படிவங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்திருக்கிறேன். தமிழில்தான் இருக்கும், ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வாக்கியத்தைத் திணித்து, பட்டதாரிக்கே மூச்சு முட்டும்படி. எட்டாவது படித்த பெண் அதைப் புரிந்துகொண்டு சம்மதித்தார் என்று எழுதுவது சரியில்லை. 'உங்களுக்கு வழக்கமான சிகிச்சைதான் நடக்கும், கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுப்போம், வேண்டாம் என்றால் சொல்லுங்கள், சிகிச்சை மாறாது' என்று மூன்று வரியில் எழுத முடிகிற விஷயம் அது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான் இருக்கிறது. புதிய மருந்துகளுக்கான 2019-ம் ஆண்டு விதிகளின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆய்வை அனுமதிக்கும் எதிக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். மருத்துவம் தெரியாத பொதுமனிதர் ஒருவரும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும் கட்டாயம். மருந்துச் சோதனைகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். தொடங்கும்போதே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டால், முடிவு வந்த பிறகு வசதியாகக் கேள்வியை மாற்ற முடியாது. இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தஞ்சாவூர், திருச்சி என்று ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த நோய்க்கு, எத்தனை பேரை வைத்து, எதை எதோடு ஒப்பிட்டு ஆய்வு நடக்கிறது என்று தெரியும்.

ஆய்வு முடிந்ததும் அதன் முடிவு அந்த ஊருக்குத் திரும்பி வருவது மட்டும் இன்னும் வழக்கமாகவில்லை. விரலை நீட்டியவருக்கும் வாராவாரம் கதவைத் திறந்துவிட்டவருக்கும் முடிவைத் தமிழில் சொல்வது ஆய்வாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன். கிராம சபைக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும். படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, 'முடிவை எங்களுக்கு எப்போ, எப்படிச் சொல்வீங்க?' என்று கேளுங்கள். ஆய்வு செய்கிற டாக்டரின் எண்ணும் எதிக்ஸ் கமிட்டியின் தொடர்பு எண்ணும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தின் ஒரு நகலை உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும். மருந்துச் சோதனையில் ஏதாவது பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டியதும், அந்தப் பாதிப்பு சோதனையால் வந்தது என்றால் இழப்பீடு தர வேண்டியதும் சோதனையை நடத்துகிறவர்களின் பொறுப்பு. நகலை வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே பத்திரமாக வையுங்கள்.